கர்ட் டோர்கர்சனின் மூன்று தோட்டாக் கூடுகள்

என் பெயர் வெர்லின் ஸ்டாட்ஹைம். வயது அறுபத்தொன்பது. மொன்டானா மாநிலம் கார்வர் ஃப்ளாட்டில், தானியக் கிடங்குக்குப் பின்னால் உள்ள வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். அதிகாரி கேட்டதன்பேரில், யாருடைய வற்புறுத்தலுமின்றி இதைச் சொல்கிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

நானும் லைல் டோர்கர்சனும் எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மரியாதை அணியில் இருக்கிறோம். படையில் இருந்தவர் யார் இறந்தாலும் கல்லறையில் வரிசையாக நின்று, குண்டில்லாத வெற்றுத் தோட்டாவால் வானத்தைப் பார்த்து மூன்று முறை சுடுவோம். அதன் பின்னர் புல்லில் விழுந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்குவது லைலின் வேலை. அவற்றில் மூன்றைத் துடைத்து, சவப்பெட்டி மேலிருந்து எடுத்து மடித்த தேசியக் கொடியோடு வீட்டாரிடம் கொடுப்பான். மிச்சம் அவன் வாளிக்குப் போகும்.

என்னிடம் பழைய ஜப்பானியப் போர்த் துப்பாக்கி ஒன்று உண்டு. காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் அடைத்து நானே அதற்குத் தோட்டா செய்துகொள்வேன், ஆனால் அதற்குக் கூடு எந்தக் கடையிலும் கிடைக்காது. இந்த வருடம் மான் சுடவே தோட்டா இல்லையென்று கடைக்காரன் கையை விரிக்கிறான். ஆனால் மரியாதைத் துப்பாக்கியின் கூட்டை வாய்ப்பக்கம் கொஞ்சம் அறுத்து அச்சில் அழுத்தினால் ஜப்பான்காரனுக்குப் பொருந்திவிடும். அதனால் லைலின் வாளி நிறைந்தால் என்னிடம்தான் வரும். காபிக்கடையில் யாராவது இருமினால், "இன்னும் மூச்சு இருக்குடா, வாளியத் தூக்கிட்டு வந்துராதீங்க" என்று எங்களைக் கேலி செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

கடந்த மார்ச்சில் லைலின் ஒரே மகன் கர்ட் இறந்தான். போரிலிருந்து ஒரு கீறல் இல்லாமல் திரும்பியவன், உள்ளூர்ச் சாலையில் பனியில் வண்டி சறுக்கிப் போய்விட்டான். அடக்கத்தன்று லைலை மனைவி பெர்னிஸுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னோம். "எம்பையனுக்கு நான் சுடாம வேற எந்தப் பய சுடுவான்?" என்று துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றான். சுட்டு முடிந்ததும், கை பழகிய பழக்கம், குனிந்து கூடுகளைப் பொறுக்கத் தொடங்கினான். பெற்றவன் மகனின் குழியோரத்தில் முட்டி போட்டுப் புல்லைத் தடவுகிறான், எங்களில் ஒருவனும் போய்ப் பிடித்து நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். மூன்றைத் தனியே எடுத்து வைப்பது எப்போதும் அவன் பொறுப்பு என்பதால் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. பெர்னிஸின் மடிக்குக் கொடி மட்டும் போனது.

அதன் பின்னர் லைல் அவற்றையும் வாளியில் கொட்டி, வழக்கம்போல் எனக்கு அனுப்பினான். நான் அதிலிருந்த எல்லாவற்றையும் அறுத்து அச்சில் அழுத்திவிட்டேன்.

நேற்று மதியம் அவன் தன் வேட்டைத் துப்பாக்கியோடு என் பட்டறைக்குள் வந்தான். "எல்லா வீட்டுக்கும் குடுத்தியே, நம்ம வீட்டுக்கு எங்கன்னு பெர்னிஸ் கேக்குறா. எம்பையனோடத எடுடா" என்றான். நான் தட்டைக் காட்டினேன். எல்லாம் ஒரே அரசாங்கப் பெட்டியில் வந்தவை, அடியில் ஒரே முத்திரை. எது யார் அடக்கத்தில் விழுந்தது என்று கடவுளுக்கே தெரியாது. அவன் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தான். "எல்லாத்தையும் அறுத்துட்டியேடா பாவி" என்றான். அதன் பின்னர் ஒரு முறை சுட்டான். குண்டு அச்சுக் கருவியில் பட்டது. அடுத்தபடியாகத் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் பிடித்தான்.

அதன் பின்னர் அவனை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, சமையலறை இழுப்பறையிலிருந்து அறுக்காத மூன்று கூடுகளைக் கொண்டுவந்தேன். அவை கிழவர் பால்மர் எங்கெனின் அடக்கத்தில் விழுந்தவை. வாங்கிக்கொள்ள அவருக்கு ஆளில்லை என்று லைலே அன்று என் கையில் திணித்தான்.

"இதுதான் கர்ட்டோடது. அன்னிக்கு நீயே எங்கிட்ட குடுத்து வச்ச லைல். உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது" என்றேன்.

"நெசமாவா?"

"எங்கம்மா சத்தியமா."

துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூன்றையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "இன்னும் சூடா இருக்குடா வெர்லின்" என்றான். நான் தொட்டுப் பார்த்தேன். ஆமாம் என்றேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் அழைக்க, நீங்கள் வந்தீர்கள். அந்த மூன்றையும் சாட்சிப் பொருளென்று உறையில் போட்டுக்கொண்டீர்கள். வழக்கு முடிந்ததும் அவை பெர்னிஸிடம் சேர வேண்டும். கர்ட்டுடையவை அறுபட்டு என் தட்டில்தான் எங்கோ கிடக்கின்றன. பட்டறையைப் பூட்டிவிட்டேன், உள்ளே போக முடியவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. உங்களிடம் சொன்னது முழுக்க உண்மை. லைலிடம் சொன்னது பொய். கோர்ட்டில் இதைப் படிக்கும்போது அவனை வெளியே உட்கார வையுங்கள்.

(ஒப்பம்)
வெர்லின் ஸ்டாட்ஹைம்