ஏழாம் பாதையில் காற்றை நிறுத்தியவருக்கு

காற்றுக்குக் கடிவாளமிட்ட காவலரே! பாதாளத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தும் பகல் வெளிச்சமாய்ப் பேசும் பண்பாளரே! இன்று ஓய்வுபெறும் எங்கள் விசிறி அண்ணனே! வணக்கம்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் இத்தங்கச் சுரங்கத்தின் காற்றாடிகளைத் தாங்கள் கட்டி மேய்த்தீர்கள். வண்டி வண்டியாய்க் கல் வெட்டினால் தங்கம் கடுகளவு. காற்றாடிகள் குடிக்கும் மின்சாரமோ கடலளவு. அதற்கென எரியும் கரியின் புகை மலையளவு. ஆகவே, இறங்குவோர் எடுத்துச் செல்லும் பித்தளை டோக்கன்கள் அத்தனையும் பலகைக்குத் திரும்பியபின், ஆளற்ற சுரங்கப் பாதையின் காற்றாடியை நிறுத்தினீர்கள். "ஆளில்லாத எடத்துல யாருக்குக் காத்து? பாறைக்கா வேர்க்குது?" என்பதே தாங்கள் அருளிய ஒரே தத்துவம்.

டோக்கன் எடுப்பது தம் தகுதிக்குக் குறைவென்று கருதிய நம் மேலாளர் ஐயா, ஒருநாள் வெறுங்கையுடன் ஏழாம் பாதைக்குள் எழுந்தருளினார். பலகை நிறைந்திருந்தது, காற்றாடி நின்றது. ஐயா பத்தே நிமிடத்தில் சட்டையைப் பிழிந்தபடி வெளியேறி, அனுமதியின்றிக் காற்றை நிறுத்திய குற்றத்துக்காகத் தங்களுக்கு மெமோ வழங்கினார். அன்றுமுதல் காற்றாடிகள் ஓய்வின்றிப் பாறைகளுக்கு வீசின.

மறு ஆண்டு, புகையையும் செலவையும் குறைக்க வழிசொல்ல, நிபுணர் ஒருவர் விமானமேறி வந்தார். எண்பது பக்க அறிக்கை. எழுபத்தொன்பதில் படங்கள், மிச்சப் பக்கத்தில், ஆளில்லா இடத்தில் காற்றாடியை நிறுத்துக என்றிருந்தது. நிறுத்தினோம். மின்கட்டணம் கால்பங்கு குறைந்தது. விருது வந்தது, ஐயா மாலையோடு வாங்கினார், தாங்கள் கைதட்டினீர்கள். மெமோ மட்டும் கோப்பில் அப்படியே கிடந்தது.

அது முடியாமல் ஓய்வு ஆணை கிடையாது என்று சென்ற வாரம் அலுவலகம் சொன்ன அன்று, தாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கண்டோம். இன்று காலை அனைவரும் ஐயாவின் அறைக்குச் சென்றோம். "அதை இப்ப ஏன்யா கெளறுறீங்க?" என்றார். நாங்கள் ஏழாம் பாதையின் டோக்கன் ஒன்றை மேசைமேல் வைத்தோம். அதைப் பார்த்தவர், பேனாவை எடுத்து மெமோவின் அடியில், 'டோக்கன் எடுக்காதது என் தவறு. இத்துடன் முடிக்கப்பட்டது' என்றெழுதிக் கையொப்பமிட்டார்.

நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! வீட்டில் அண்ணியார் டோக்கன் எடுப்பதில்லை என்பதை மட்டும் மறவாது, விசிறியை நிறுத்துமுன் ஒருமுறை எட்டிப் பாருங்கள்!

காகிதத்தையும் வீணாக்காதவர் தாங்கள். ஆதலால் இம்மடலை அந்த மெமோவின் பின்புறத்திலேயே அச்சிட்டு, இருபுறமும் கண்ணாடியிட்டுத் தந்துள்ளோம். கோப்புக்கு நகல் போதுமாம். எந்தப் பக்கம் தெரிய மாட்டுவதென்பது தங்கள் விருப்பம். எங்களைக் கேட்டால், மடல் சுவரைப் பார்த்திருக்கட்டும்.

அன்பில் குறையாத,
காற்றாடிப் பிரிவு ஊழியர்கள்