சிவப்புப் பலகையில் கட்டிய பேனர்

எனக்குச் சிவப்பு நிறம் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. என் ஸ்கூட்டரே சிவப்புதான்.

காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் தரைப் பாதுகாப்பு மேலாளர் நான். விமானக் கொட்டகையிலிருந்து ஓடுபாதைக்குப் போகும் வழியின் முடிவில் ஒரு சிவப்புப் பலகை நிற்கும். அனுமதி வரும்வரை அதைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். முதலாளி லட்சுமணசாமியின் மணிவிழாவுக்கு வந்தவர்களை வானத்தில் ஒரு சுற்று கூட்டிப்போக ஏற்பாடு. சொந்தபந்தங்களைப் பலகை வைத்து நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்? நம் பக்கம் வந்தவர்களை வாங்க என்றுதானே சொல்வோம். அதனால் பலகையை மறைத்து, முதலாளி கைகூப்பிச் சிரிக்கும் பேனரைக் கட்டினேன். வருக, வருக. நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் இருந்த மஞ்சள் கோடு மழையில் எப்போதோ அழிந்துவிட்டது. அதற்கு ஒதுக்கிய பெயின்ட் காசில்தான் பேனர் அடித்தோம். வீண் செலவு எனக்கு ஆகாது.

விழா முடிந்த மறுநாள் பயிற்சியாளர் நிஜாம் வந்தார்.

"ஏனுங்க, அந்த பேனரைக் கழட்டிப்போடுங்க. இன்னைக்கு பூஜிதா தனியா ஓட்டறா. வேற ஸ்கூல்ல இருந்து வந்த புள்ள, நம்ம எடம் அதுக்குப் புதுசுங்க."

"மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுக் கழட்டிடறனுங்க. நீங்க போயிட்டு வாங்க."

அவர் நம்பி இன்னொரு மாணவனோடு பறக்கப் போனார். நான் கேட்கவில்லை. விழாக் களைப்பில் இருப்பவரிடம் போய், உங்கள் முகத்தைக் கழற்றட்டுமா என்று எப்படிக் கேட்பது?

பூஜிதா மரியாதை தெரிந்த பெண். என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். சிவப்புப் பலகையில் நிற்கச் சொல்லிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு போனது. "சரிங்க, போர்டு வந்ததும் நின்னுக்கறனுங்க" என்றாள். பலகையைத் தேடிக்கொண்டே மெதுவாக ஓடுபாதைக்குள் போய்விட்டாள். நிஜாமின் விமானம் அப்போதுதான் இறங்கியது.

மோதித் தீப்பிடித்த உடனே நான் ஓடினேன், பேனரை நோக்கி. பூஜிதா உள்ளிருந்து கதவைத் தட்டுவது கேட்டது. தீயணைப்பான் என் காலடியில்தான் இருந்தது. ஆனால் காற்று இந்தப் பக்கம் வீசியது. முதலாளி முகத்தில் கரி படிந்துவிடும். நான் முடிச்சுகளை அவிழ்த்து முடித்தபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது பலகை பளிச்சென்று நின்றது. பெண்ணின் கவனக்குறைவு என்றார்கள். படித்தவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

இப்போது நிஜாமுக்கு நினைவு திரும்பிவிட்டதாம், விசாரணைக்கு நீங்களும் மறுபடி வந்திருக்கிறீர்கள். ஆமாம், மறைத்தவன் நான். கழற்றியவனும் நான்தான். அந்தப் பெண் எரியும்போது பக்கத்தில் நின்றவனும் நான்தான்.

அதற்காக எனக்கு மனசாட்சி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பூஜிதாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் என் சொந்தச் செலவில் அடித்திருக்கிறேன். நாளைக்குப் பயிற்சி மறுபடி தொடங்குகிறது, பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பறக்கட்டும். அந்தச் சிவப்புப் பலகையிலேயே கட்டிவிட்டேன். இந்தத் தடவை கயிறு இல்லை, நல்ல கம்பி.