அட்டைத் துண்டை வைத்துப் பார்க்கவும்

சத்தமாக வாசிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும். பள்ளிக்கூடத்தில் காலைச் செய்தி வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். தம்பி காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "அக்கா, அடுத்தது என்ன போட்டிருக்கு?" என்று கேட்பான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காரின் ரிப்பேர் கையேட்டை வாசிப்பேன். மூன்று வருடமாக எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின. நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசலாம், அவன் உள்ளே தூங்குகிறான்.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாமே நான்தான். என்னைப் பெண் கேட்டு வராமல் இல்லை. நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதைத் தியாகம் என்று பெரிதாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. எனக்கு அவன் இருந்தான், வேறென்ன வேண்டும்?

அந்தக் கார் வெள்ளத்தில் மூழ்கி, சீந்துவாரில்லாமல் கிடந்தது. ஸ்போர்ட்ஸ் கார். அதைக் கட்டி இழுத்துவந்து, அடுக்களைக்குப் பக்கத்துக் கொட்டகையில் போட்டு, ஒவ்வொரு நட்டாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினான். அவன் கை அப்படி. கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்த்துத்தான் கோளாறைக் கண்டுபிடிப்பான். "என் விரலுக்குத்தான் கண்ணு இருக்கு" என்று பீற்றிக்கொள்வான். "ஆமா, மூளை எங்க இருக்குன்னுதான் தெரியல" என்பேன்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னான். பந்தயக் கார்களைப் பராமரிக்கும் பெரிய பட்டறை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினால் போய்ச் சேரும் தூரம். அங்கே ஒரு பெண்ணும் இருக்கிறாளாம், ஒன்றரை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். "வண்டி ரெடியானதும் அதையே ஓட்டிக்கிட்டுப் போயிடுறேன்க்கா. நீயும் அப்பப்ப வந்து போயேன்." வந்து போ என்றான். விருந்தாளியிடம் சொல்வதுபோல. நான் சந்தோஷம் என்றேன்.

காரில் ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. அந்த மாதிரிக் கார்கள் தரையோடு தரையாக இருக்கும். வேகத்தடையில் ஏறினால் முன்பக்கம் இடித்து நொறுங்கிவிடும். அதற்காக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் ஒரு பம்பு ஓடும்; குழாய் வழியாக எண்ணெய் முன் சக்கரங்களின் மேலிருக்கும் உருளைகளுக்குப் போகும்; காரின் மூக்கு நாலு விரல்கடை மேலே எழும்பும். இவன் காரில் எங்கேயோ கசிந்தது. தூக்கிய மூக்கு அடுத்த நிமிடமே சரிந்துவிடும். எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். மூக்கைத் தூக்காமல் அந்தக் கார் எங்கள் தெருவை விட்டே வெளியே போக முடியாது. அந்த வேகத்தடையை நான் அதுவரை திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் நான் செய்தது ஒன்றும் பெரிதில்லை. பம்புக்குப் போடும் ரப்பர் வளையம் ஒன்று தபாலில் வந்தது. அதை எடுத்து என் தையல் பெட்டியில் போட்டுவிட்டேன். அவன் வீட்டையே தலைகீழாகப் புரட்டினான், நானும் கூட நின்று தேடினேன். மறுபடியும் ஆர்டர் போட்டு, அது வந்துசேர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் சாயங்காலம் இரண்டு பேரும் சீட்டு விளையாடினோம். ஆனால் எத்தனை வளையத்தைத்தான் ஒளித்து வைப்பது?

நான் வேலை பார்ப்பது தகடு அழுத்தும் தொழிற்சாலையில், முதலுதவி அறையில். பத்தொன்பது வருடம். பிளாஸ்டர் அக்கா என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். அங்குள்ள இயந்திரங்களும் இதே மாதிரி எண்ணெய் அழுத்தத்தில் ஓடுபவைதான். என் மேசைக்கு எதிரே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் எண்ணெய் நூல் மாதிரிப் பீறிட்டு வரும். அங்கே கை வைத்தால் ஊசிபோல் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் இருக்காது. உள்ளே சதை அழுகிக்கொண்டே போகும். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் விரலைத் திறந்து கழுவிவிட வேண்டும். பத்தொன்பது வருடத்தில் நாலு பேரை நான் அப்படி அனுப்பியிருக்கிறேன். நாலு பேருக்கும் விரல் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தியிருந்தான். ஸ்டாண்டுகள் அசையாமல் இருக்கின்றனவா என்று நான் இரண்டு முறை ஆட்டிப் பார்த்தேன். அவன் விஷயத்தில் நான் எப்போதுமே கொஞ்சம் பயந்தவள்தான்.

போன வாரம் உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்தவரிடம், எண்ணெய்ப் பிசுக்கில் கையேட்டின் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டதால் ஒரு வரி விட்டுப்போனது என்று சொன்னேன். அது சரியில்லை. எல்லாம் ஒரே பக்கத்தில்தான் இருந்தது. அந்த வரியைக் கறுப்புக் கட்டம் போட்டு அச்சடித்திருந்தார்கள். "கசிவைக் கண்டறிய அட்டைத் துண்டை வைத்துப் பார்க்கவும். ஒருபோதும் கையால் தொட வேண்டாம்."

நான் வாசித்தது இதுதான்: "பம்பை ஓட விடணும். குழாய்ல அழுத்தம் ஏறும். அப்புறம் குழாய் நெடுக எங்க கசியுதுன்னு பாக்கணும்."

"அவ்ளோதானா? மூச்சு விடுறதுக்கே எச்சரிக்கை போடுற ஆளுங்களாச்சே" என்றான்.

"கசியுற இடம் தெரிஞ்சதும் பம்பை நிறுத்தணும்னு போட்டிருக்கு."

அடுத்த வரி உண்மையிலேயே அதுதான். நான் அவனிடம் பொய் சொல்லவில்லை.

பம்பு ஓடியது. அவன் கை குழாயின் மேல் போவதை நான் ஸ்டூலில் இருந்தே பார்த்தேன். நிதானமாகத்தான் போனது. கூப்பிட்டிருந்தால் நிறுத்தியிருப்பான். அதற்கு நேரம் இருந்தது.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு" என்று வெளியே வந்தான். வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு புள்ளி. துடைத்து பிளாஸ்டர் போட்டேன். போட்ட கையோடு அதன்மேல் பேனாவால் நேரத்தையும் எழுதிவிட்டேன். பத்து இருபது. தொழிற்சாலையில் எந்தக் கட்டுப் போட்டாலும் நேரம் எழுதுவேன், கை தானாக எழுதிவிட்டது. ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குத்தியது என்று நான் சொன்னபோது, டாக்டர் பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதைத் தூக்கிப் போடாமல் ஒரு கவருக்குள் வைத்துக்கொண்டார். அதனால்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

பன்னிரண்டு மணிக்கு விரல் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றான். "ஆஸ்பத்திரிக்குப் போகணுமாக்கா?"

"இதுக்கெல்லாம் போனா டாக்டர் சிரிப்பார்டா."

"நீ சொன்னா சரிதான்" என்று சாப்பிட உட்கார்ந்தான். வலி மாத்திரை இரண்டு கொடுத்தேன்.

இரண்டரை மணிக்கு விரல் வீங்கி, நுனி வெளுத்திருந்தது. மூன்று மணிக்கு அந்தப் பெண் எனக்கே போன் செய்தாள். விரலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. இப்பவே கூட்டிட்டுப் போங்களேன், ப்ளீஸ்."

"நான் இந்த வேலையிலதான்மா பத்தொன்பது வருஷமா இருக்கேன்" என்றேன். பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள். அவன் போனையும் எடுத்துச் சார்ஜில் போட்டேன், அவன் தூங்கட்டும் என்று.

நாலு இருபதுக்கு ஆறு மணி நேரம் முடிந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நாலைந்து துணிகள் இருந்தன, அவற்றையும் மடித்து வைத்தேன். உள்ளே அவன் தூக்கத்தில் முனகினான். போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்தேன். நான் கல் இல்லை.

ஆறரை மணிக்கு வலி தாங்காமல் கத்தினான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். போகும் வழியெல்லாம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுததும் நான்தான். அதில் நடிப்பு எதுவும் இல்லை. முதல் நாள் விரலிலிருந்து உள்ளங்கை வரை திறந்து கழுவினார்கள். நாலாம் நாள் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

தெரிந்து செய்தேனா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். அந்த வரியைத் தெரிந்துதான் விட்டேன், அந்த ஆறு மணி நேரத்தையும் தெரிந்துதான் கடத்தினேன். கை முழுவதும் போகும் என்று நினைக்கவில்லை. ஒரு விரல் போகும் என்று நினைத்தேன். ஒரு விரல் இல்லாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அவனுக்கு எதுவும் தெரியாது. முந்தாநாள் தலை வாரிவிடும்போது, "நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்னக்கா ஆகியிருக்கும்?" என்றான். நான் வகிட்டைச் சரிசெய்துவிட்டேன். அந்தப் பெண் இரண்டு முறை வந்தாள். கை போனால் என்ன, பட்டறையில் மேற்பார்வை வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம், கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள். நல்ல பெண்தான். அவனுக்கு இன்னும் தெம்பு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

நேற்றுக் காலை கொட்டகைக்குப் போய், இடது கையால் ஸ்பானரைப் பிடித்து ஒரு நட்டைக் கழற்றிவிட்டான். உடம்பெல்லாம் வேர்வை, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "பாத்தியாக்கா" என்றான். பார்த்தேன்டா என்றேன். அவன் மதியம் தூங்கியதும் எல்லா ஸ்பானர்களையும் துடைத்து, பரணில் ஏற்றிப் பூட்டிவிட்டேன். இடது கைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அவன் என்ன செய்வான்?