புலித்தொப்பியின் கண்கள்

காலை ஃபெரிப் படகில் எனக்கு எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவள் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையின் தலையில் சீனர்கள் பிள்ளைகளுக்குப் போடும் புலித்தொப்பி இருந்தது. புலிக்குக் கண் இல்லை.

"நான்தான் வெட்டி எடுத்தேன் அண்ணி. முறைச்சுக்கிட்டே இருந்துச்சு, பிள்ளை பயப்படுமேன்னு."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் கத்திரிக்கோல்தான் லா. தொப்பி கொடுத்த சீன ஆன்ட்டி என்னா சொன்னாங்க?"

"பிள்ளை தூங்குறப்ப கெட்டது அண்டாம புலிதான் பார்த்துக்குமாம். புலிக்குக் கண்ணு போனதால இப்ப பிள்ளையே முழிச்சிருந்து பார்க்குதாம். நேத்திலேருந்து கண்ணை மூடவே இல்ல அண்ணி."

"நீ அழாத. இறங்கினதும் சூலியா தெருவுல நூல் வாங்கிப் புலிக்குக் கண்ணு தைச்சிரலாம்."

குழந்தை அழவில்லை. என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதன் பார்வை மெதுவாக இறங்கி, என் பக்கத்துக் காலி இருக்கையில் வந்து நின்றது.