இரண்டு வேலிக்குறிகள்

ஜைனுதீன் நானா எனக்குத் தரவேண்டியிருந்தது நாலாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். போன மாரியில் அவர் வீட்டில் சமைக்கிற குசினிக்கு மேலே இருந்த தகரம் காற்றில் போய்விட்டது. புதுத் தகரம் வாங்கக் கொடுத்தேன். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது ஐயா. எங்களுக்குள் பகை இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பகை உள்ளவனுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

போன தடவை நீங்கள் பொலிஸில் விசாரித்தபோது வேறொருவர் சிங்களத்தில் எழுதினார், நான் கையெழுத்து வைத்தேன். இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில்.

என் பெயர் இராசமாணிக்கம். அலுவிகாரைக்குப் பக்கத்தில் ஸக்கரியா ஹாஜியாரின் மசாலா ஸ்டோரில் இருபத்தெட்டு வருடம் சாக்குச் சுமந்தேன். மிளகு, சாதிக்காய், கறுவா. முழங்கால் இரண்டும் போன பிறகு, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் மாத்தளையில் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படித்த எழுத்து கைகொடுத்தது. ஹாஜியார் என்னைக் கம்பியூட்டர் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். காற்றாடி உள்ள அறை. கதிரையில் சாய்ந்துகொள்ளலாம். அந்த நாற்காலியை விட்டுப் போவதற்குத்தான் நான் உலகத்திலேயே அதிகம் பயந்தேன்.

வேலை இதுதான். ஸ்டோரில் இரண்டு அறைகள். ஒன்று ட்ரையர், மற்றது பூச்சிக்கு மருந்துப் புகை போடும் மருந்து ரூம். ஒவ்வோர் அறைக்கும் காலையில் ஒரு தாள் அடிப்பேன்: எந்தச் சரக்கு, எத்தனை மணிநேரம். கம்பியூட்டர் அதை வாசித்துக் கதவைப் பூட்டும், திறக்கும். ட்ரையரில் நேரம் முடிந்தால் பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். மருந்து ரூமில் நேரம் முடிந்ததும் பெரிய காற்றாடி ஓட வேண்டும். உள்ளே விஷம் இல்லை என்று அளவுக் கருவி சொன்ன பிறகே பச்சை எரிய வேண்டும். பச்சை எரிந்தால் முகமூடி போடாமல் உள்ளே போகலாம். அது ஸ்டோர் சட்டம்.

இதையெல்லாம் செய்து கொடுத்தது ஹாஜியாரின் தம்பி மகள் றிஸ்லா. கண்டியில் வேலை செய்கிற பிள்ளை. தாளில் எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரலாம் என்று அவள் விதி எழுதி அனுப்புவாள். அந்த விதியை ஒரு கருவிக்குக் கொடுத்தால், தாளை வாசிக்கத் தெரிந்த ஒரு வாசிப்பவனை அது தானே எழுதித் தரும். பார்ஸர் என்று சொல்வாள். இரண்டு அறைக்கும் இரண்டு விதி, இரண்டு வாசிப்பவன்.

அந்தக் கருவியிடம் ஒரு கோளாறு. என்ன விதி கொடுத்தாலும், செய்து தருகிற வாசிப்பவனுக்கு அது ஒரே பெயரைத்தான் வைக்கும். அதனால் றிஸ்லா அதற்கு மேலே ஓர் உறை எழுதியிருந்தாள்.

"டொபி உறை மாதிரி மாமா. நீங்க கருவியத் தொடவே வேணாம். உறைய மட்டும் ஓட விடுங்க."

இருபது வரிகூட இல்லாத உறை. அது ஒரு வெறும் பெட்டிக்குள் கருவியை ஓட்டும். வந்ததற்கு ட்ரையர் என்று பெயர் வைத்துப் பிரதி எடுக்கும். பெட்டியில் உள்ளதை அழிக்கும். பிறகு மருந்து ரூமுக்கு அதையே செய்யும். விதியில் பிழை இருந்தால் கருவி சத்தம் போடும். உறை அந்த இடத்திலேயே நின்று சிவப்பு எழுத்துக் காட்டும். பழைய வாசிப்பவன் அப்படியே இருப்பான், யாருக்கும் சேதமில்லை.

எனக்கு அந்தச் சிவப்பு பெரிய பயம். றிஸ்லா கிழமைக்கு இரண்டு தடவை விதி மாற்றுவாள். எங்கேயோ ஒரு புள்ளி விட்டிருப்பாள், சிவப்பு வரும். நான் கண்டிக்குப் போன் எடுக்க வேண்டும். அவள் எடுக்கும்வரை ஹாஜியார் என் முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

"மாணிக்கம், லொறி ரோட்டுல நிக்கிது. இந்தச் சிவப்ப எனக்குக் காட்டாதீங்க. ஏலாட்டிச் சொல்லுங்க, சாக்குப் பக்கமே போயிரலாம்."

மருந்து ரூமுக்குப் பொறுப்பான ஜைனுதீன் நானா வாசலில் சாய்ந்துகொண்டு சிரிப்பார். "என்ன மாணிக்கம், கம்பியூட்டர்ப் பெட்டி இன்னைக்கும் மொறச்சிக்கிட்டா நிக்கிது? எழுத்துப் படிச்ச மனுசன் நீங்க. அதுக்கும் ரெண்டெழுத்து ஓதிக் குடுங்களேன்." பையன்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிவப்பைவிடப் பெரிய பயம் அழிக்கிற வரி. ஆரம்பத்தில் ஒரு நாள் நான் ஒரு தாளை அழித்துவிட்டு, ஹாஜியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அழிக்கச் சொல்லும் அந்த இரண்டு இங்கிலீஷ் எழுத்தும் எனக்கு மனப்பாடம். உறைக்குள் அதைப் பார்க்கிற போதெல்லாம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன். ஒரு தடவை றிஸ்லா போனில் சொல்லியிருந்தாள்: ஒரு வரிக்கு முன்னால், கம்பி வேலி மாதிரி இருக்கிற # என்ற குறியைப் போட்டால், கம்பியூட்டர் அந்த வரியை வாசிக்காது. வரி இருக்கும், ஆனால் இல்லாத மாதிரி.

மாசி மாதம் ஒரு நாள் அழிக்கிற வரிக்கு முன்னால் ஒரு வேலிக்குறி போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்து, நின்று சிவப்புக் காட்டச் சொல்லும் வரிக்கும் ஒன்று போட்டேன். அதன் பிறகு சிவப்பே வரவில்லை. உறை ஓடும், கடைசியில் 'முடிந்தது' என்று சொல்லும்.

பன்னிரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். ஹாஜியார் என் தோளில் தட்டினார். "இப்பதான் மாணிக்கத்துக்குப் பெட்டி பழகியிருக்கு" என்றார். ஜைனுதீன் நானாகூடக் கேலியைக் குறைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை றிஸ்லா மருந்து ரூமுக்குப் புது விதி அனுப்பினாள். ஓட விட்டேன். முடிந்தது என்றது.

செவ்வாய்க்கிழமை காலை மருந்து ரூமில் பச்சை எரிந்தது. ஜைனுதீன் நானா பல்லேபொலவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கதவைத் திறந்து வைக்கும்படி ஹாஜியார் என்னிடம் சொன்னார். திறந்துவிட்டு வந்தேன். எலி பிடிப்பதற்காக ஸ்டோரில் ஒரு பூனை வளர்ந்தது. அரை மணிநேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அது வாசலுக்கு உள்ளே இரண்டடியில் கிடந்தது. அழுகிய மீன் மாதிரி ஒரு மணம் வந்தது. மேலே பார்த்தேன். காற்றாடி ஓடவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனையைக் காலால் இழுத்தெடுத்து, சாதிக்காய் மரத்தடியில் புதைத்தேன். பத்து மணிவரை யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. காற்று தானாகப் போய்விட்டது.

அதன் பிறகு அறைக்கு வந்து, மருந்து ரூம் என்று பெயர் போட்டிருந்த வாசிப்பவனைத் திறந்து பார்த்தேன். எனக்கு அதில் பாதி விளங்காது. ஆனால் ஓரிடத்தில் 'ஈரம்' என்று இருந்தது. அந்தச் சொல் ட்ரையர் தாளில் மட்டும்தான் வரும். அப்போதே விளங்கிவிட்டது. புது விதியில் பிழை இருந்திருக்கிறது. கருவி ஒன்றும் எழுதவில்லை. பெட்டியில் அழிக்கப்படாமல் கிடந்த ட்ரையர்க்காரனை உறை எடுத்து, மருந்து ரூம் என்று பெயர் வைத்துக் கதவில் நிறுத்தியிருக்கிறது. அவனுக்குக் காற்றாடியும் தெரியாது, விஷமும் தெரியாது. நேரம் முடிந்தால் பச்சை.

போன தடவை நீங்கள் கேட்டது இதைத்தான், ஐயா. செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரியுமா என்று. தெரியாது என்று சொன்னேன். தெரியும்.

குறிகளை எடுத்திருக்கலாம். எடுத்து ஓட விட்டால் சிவப்பு வரும். சிவப்பு வந்தால் றிஸ்லாவுக்குப் போன் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை ஏன் சிவப்பு வரவில்லை என்று கேட்பாள். கெட்டிக்காரப் பிள்ளை, கேட்காமல் விடமாட்டாள். அவளே அடுத்த விதியைச் சரியாக எழுதி அனுப்பினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். புதன் அனுப்பவில்லை. வியாழன் அனுப்பவில்லை. நான் அந்த நாட்களில் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

செவ்வாய் பதினொரு மணிக்குப் பூட்டிய அடுத்த சரக்குக்கு வெள்ளி பதினொரு மணிக்கு நேரம் முடிந்தது. பச்சை எரிந்தது. ஜும்மா தொழுகைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று ஜைனுதீன் நானா அவசரப்பட்டார். முகமூடி கையில் இருந்தது. என் ஜன்னலுக்கு வந்தார்.

"மாணிக்கம், காத்தாடிச் சத்தம் கேக்கல்லயே. போகலாமா?"

ஹாஜியார் அறைக்குள் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

"பச்ச எரியுதுதானே நானா" என்றேன்.

அது பொய்யில்லை. பச்சை எரிந்தது.

"சரி. வாசிக்கத் தெரிஞ்ச மனுசன் சொன்னா நமக்கென்ன" என்று சொல்லிவிட்டு முகமூடியை ஜன்னல் படியில் வைத்தார். கேலியாகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனார். ஹாஜியாரும் பேசிக்கொண்டே கேட் பக்கம் நடந்தார்.

நான் உறையைத் திறந்து இரண்டு வேலிக்குறிகளையும் எடுத்தேன். என் விரல் மெதுவாகத்தான் போகும். எடுத்து முடிய நாலு நிமிடம் பிடித்தது. ஒரு தடவை ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. சாக்காக இருக்கும் என்று நினைத்தேன். சேமித்தேன். சரியாகச் சேமித்ததா என்று இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். அதன் பிறகுதான் எழுந்துபோய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். விதியில் பிழை றிஸ்லாவுடையது. கண்டியிலிருந்தே அவளால் எங்கள் கம்பியூட்டருக்குள் வர முடியும், அதனால் பழி முழுவதும் அவள்மேல் விழுந்தது. உறை நின்றிருக்க வேண்டும், நின்றிருக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், யாரும் நம்பவில்லை. ஹாஜியார் அவளோடு பேசுவதில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து கேட்டாள்.

"மாமா, அன்னைக்குச் சிவப்பு வரல்லயா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கென்னம்மா தெரியும். நேத்து எழுத்துப் படிச்சவன் நான்" என்றேன். அவள் என்னைப் பார்த்து அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது.

போன கிழமை கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்து கம்பியூட்டரைக் கழற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதற்குள் மணியும் நிமிடமும் இருக்கும் என்று ஹாஜியாரிடம் சொன்னதைக் கேட்டேன். அன்றிலிருந்து ரோட்டில் வாகனம் நின்றால் எனக்கு மூத்திரம் முட்டுகிறது. ஆனால் அதற்காக இதை எழுதவில்லை. மனச்சாட்சிக்காக எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. ஜைனுதீன் நானாவை அடக்கம் செய்த ஜனாஸாவுக்கு நானும் போயிருந்தேன், பள்ளிவாசல் முற்றத்தில் நின்றேன். உடலைத் தூக்குவதற்கு முன்னால் அவருடைய மகன் ஸப்ரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"வாப்பா யாருக்காச்சும் கடன் குடுக்க இருந்தாச் சொல்லுங்க, நாங்க குடுக்குறோம். இல்லாட்டி மன்னிச்சிருங்க."

நான் முன்னால் போனேன். "நாலாயிரத்து எழுநூற்றைம்பது. எனக்கு வேணாம் தம்பி, மன்னிச்சிட்டேன்" என்றேன். பையன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள். ஹாஜியாரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கடன் எழுதும் கொப்பியை எடுத்தேன். 'ஜைனுதீன் நானா, 4750' என்று என் கையால் எழுதியிருந்தேன். நல்ல எழுத்து. அழிக்க எனக்குப் பயம் என்று சொன்னேனே. வரியை அழிக்காமல், அதற்கு முன்னால் ஒரு வேலிக்குறி போட்டேன். அவருக்கும் எனக்கும் இடையில் இப்போது ஒரு சதமும் பாக்கி இல்லை.