குடை இல்லாத பதக்கம்

நல்ல இழுப்பறைக்கு ஒரு லட்சணம் உண்டு ஐயா. ஒற்றை விரலால் தள்ளினால் தானே போய்ப் பொருந்திக்கொள்ள வேண்டும். கடைசி அரை அங்குலத்தில், உள்ளே இருக்கும் காற்று 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு விட வேண்டும். நான் செய்த அலமாரியில் பன்னிரண்டு இழுப்பறைகள். பன்னிரண்டும் அப்படித்தான் மூடும். நீங்கள்தான் அதைச் சாட்சியப் பொருளாக எடுத்து வந்து ஸ்டேஷன் வராந்தாவில் வைத்திருக்கிறீர்களே, மூடிப் பாருங்கள்.

என் தங்கை மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்பது வயது தாண்டியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பாப்பா'தான். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

எங்கள் அப்பா பதக்கம் செதுக்குகிறவர். ஒரு பாலம் திறப்பார்கள், ஒரு கப்பலைக் கடலில் இறக்குவார்கள். அதன் ஞாபகார்த்தமாகப் பதக்கம் வெளியிடுவார்கள். அதற்கான எஃகு அச்சை அப்பா இடம் வலம் மாற்றிக் குழிவாகச் செதுக்குவார். வெள்ளியில் அடிப்பதற்கு முன்னால், சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஈயத்தில் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள். ஈயம் மெத்தென்ற உலோகம், கண்ணிமை மயிர்கூடப் பதியும். பார்த்து முடித்ததும் அதை உருக்கிவிடுவது வழக்கம். அப்பா உருக்கவில்லை. அறுபத்து நான்கு ஈயப் பதிவுகளைக் காகிதத்தில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்.

நானும் இருபது வருடமாகப் பதக்கம் சேர்க்கிறவன். அப்பா செதுக்கிய பதக்கங்களின் வெள்ளிப் பிரதி ஒன்று விடாமல் என்னிடம் இருக்கிறது. ஏலக் கடைகளிலும் பழைய சாமான் சந்தைகளிலும் தேடித் தேடிச் சேர்த்தேன். அந்த டின் எனக்குத்தான் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பாப்பாவின் கணவர் வரைபட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எப்போதும் சட்டைப் பையில் ஒரு லென்ஸ். எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில், டீயைக்கூட லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று அவரைக் கேலி செய்வார்கள். பதக்கங்கள் பக்கம் வந்து நான்கே வருடம் ஆன மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் அப்பா டின்னைத் திறந்தார். மாப்பிள்ளை பாலத் திறப்பு விழாப் பதக்கத்தின் ஈயப் பதிவை எடுத்து, லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். பாலத்தின் மேல் கூட்டம். ஒவ்வொரு ஆளும் அரிசி மணி அளவு.

"மாமா, இத்தனை பேர்ல ஒருத்தர் கையில மட்டும் குடை இருக்கே. யாரு மாமா அது?"

அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இந்தக் கேள்விக்காக நாப்பது வருஷமா காத்திருந்தேன் மாப்பிள்ளை. விழா அன்னிக்கு மழை பெஞ்ச மாதிரி இருக்கக் கூடாதுன்னு அதிகாரிங்க குடையை எடுக்கச் சொல்லிட்டாங்க. வேற அச்சுதான் வெட்டினேன். வெள்ளியில இருக்காது, இதுல மட்டும்தான் இருக்கு."

பிறகு மாப்பிள்ளையை அருகே இழுத்து, காதில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். பாப்பா கையைத் தட்டிக்கொண்டு, "என்னப்பா ரகசியம், எங்களுக்கும் சொல்லுங்க" என்றாள்.

"உங்கண்ணனும் பதக்கக்காரன்தானே. லென்ஸ் வச்சுப் பாத்துட்டு அவனே கேக்கட்டும், சொல்றேன்."

நான் கேட்கவில்லை. நான் வளர்ந்த வீட்டுப் பொருளைப் பற்றி, வந்த மாப்பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் நின்று கேட்கச் சொன்னால் நீங்கள் கேட்பீர்களா?

அடுத்த மாதம் அப்பா இறந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய பேச்சு இது: "டின்னை மாப்பிள்ளைகிட்ட குடுத்துடு. அவருக்குத்தான் பாக்கத் தெரியும்." நானே என் கையால் எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அருங்காட்சியகத் தச்சுப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம். காட்சிப் பெட்டிகள் செய்கிறேன். பொருள்களைப் பாதுகாக்கும் ரசாயன நிபுணர் அம்மா ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் எங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் முதல் விதி, ஓக் மரப் பெட்டியில் ஈயம் வைக்கக் கூடாது என்பது. ஓக் மரம் வெட்டிய பிறகும் மூச்சு விடும். அந்த மூச்சில் ஒரு புளிப்பு. மூடிய பெட்டிக்குள் அந்தப் புளிப்பு ஈயத்தைத் தின்னும். ஈயம் வெள்ளையாகப் பொடிந்து, கடைசியில் மாவாகிவிடும். அந்த மாவு விஷம். அதனால்தான் அந்த அம்மா முகமூடியும் கையுறையும் இல்லாமல் அதன் பக்கம் போகமாட்டார்.

அடுத்து வந்த அவர்களுடைய திருமண நாளுக்கு, ஈயப் பதிவுகளை வைத்துக்கொள்ள என்று நான் ஓக் மரத்தில் அலமாரி செய்து கொடுத்தேன். நன்றாகக் காயாத பலகையாகப் பார்த்து எடுத்தேன். காற்று போகாதபடி இணைப்புகளை இறுக்கினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை அது.

பாப்பா இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினாள். "எனக்கு ஒரு ஸ்டூல் செஞ்சு குடுத்திருப்பியாண்ணே? உன் மாப்பிள்ளைக்கு மட்டும் அரண்மனையே கட்டிட்ட."

"மச்சானுக்கு என்மேல பாசம், உனக்கு ஏன் பொறாமை?" என்றார் மாப்பிள்ளை.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்போது என் எண்ணமெல்லாம் பதக்கங்களைப் பற்றித்தான். யாருக்குப் பார்க்கத் தெரியுமோ அவர் கண் முன்னாலேயே அவை மறைந்து போகட்டும் என்று நினைத்தேன். அதில் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றியது.

எட்டாம் மாதம் ஈயத்தில் வெள்ளை பூத்தது. மாப்பிள்ளை பதறினார். பழைய ஈயம் என்றால் அப்படித்தான் என்று நான் சொன்னேன். அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். அவருக்கு அலுவலக நாட்களில் நேரமில்லை. தினமும் காலையில் அவற்றைச் சுத்தம் செய்யும் வேலையைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துச் செய்வாள்.

முதலில் துணியால் துடைத்தாள். துணி பட்டால் கோடுகள் தேயும், வாயால் ஊது என்று சொன்னேன். காற்றடித்தால் பொடி வீடெல்லாம் பரவும், ஜன்னலைச் சாத்திக்கொள் என்றும் சொன்னேன். இரண்டுமே உண்மை. நான் அந்த வீட்டில் ஒரு பொய்கூடச் சொன்னதாக நினைவில்லை, பழைய ஈயம் என்று சொன்ன அந்த ஒன்றைத் தவிர.

இரண்டாம் வருடம் பாப்பாவுக்கு வயிற்று வலி தொடங்கியது. டாக்டர் அல்சர் என்றார். பிறகு ரத்தம் குறைந்தது, சத்து மாத்திரை கொடுத்தார். பிறகு மணிக்கட்டு தொய்ந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவேன். ஒரு நாள் டீ கொடுக்கும்போது அவள் கையிலிருந்து கோப்பை நழுவியது. இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்தோம்.

"அண்ணே, அதைத் தொட்டாலே எனக்கு வயிறு பிசையுது. கொஞ்ச நாள் விட்டுடட்டுமா?"

அந்தக் கேள்விக்கு நான் 'விட்டுடு' என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை.

"அப்பா கைபட்ட சாமான் பாப்பா. நீ பாக்கலன்னா வேற யாரு பாத்துக்குவாங்க?" என்றேன்.

அவள் பதினாலு மாதம் கழித்து இறந்தாள். கடைசி வாரம் வரை ஊதிக்கொண்டிருந்தாள் என்று மாப்பிள்ளை சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மிச்சமிருந்த பதக்கங்களையாவது காப்பாற்ற வேண்டும் என்று அவர் ஒரு டப்பாவில் பொடியோடு அள்ளி ரசாயன அம்மாவிடம் கொண்டு போயிருக்கிறார். அந்த அம்மா வீட்டுக்கே வந்து, ஒரு இழுப்பறையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை யாரு செஞ்சது?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார்: "எங்க மச்சான்." மற்றது உங்களுக்குத் தெரியும்.

தெரிந்தே செய்தேன். அலமாரியையும் தெரிந்தே செய்தேன், பாப்பாவையும் தெரிந்தே ஊதச் சொன்னேன். இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது.

நேற்று, மாப்பிள்ளை பதக்கங்களைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கம் படித்துக் காட்டினீர்கள். 'எண் பதினேழு. பாலத் திறப்பு விழா. ஈயப் பதிவில் மட்டும் குடை. பிடித்திருப்பது மச்சான், ஏழு வயது. குடைக்குள் பாப்பா, மூன்று வயது. மாமா சொன்னது: என் பையன் முழுக்க நனைஞ்சான், தங்கச்சி மேல ஒரு சொட்டு விழ விடல. அதை எங்கயாவது எழுதி வைக்கணும்னு தோணுச்சு. மச்சான் தானாகக் கேட்கும்போது காட்ட வேண்டும்.'

படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தீர்கள். நான் உடைந்து அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது ஐயா. அது என் குடை. என் பிறந்தநாளுக்கு வாங்கியது, பச்சைக் கைப்பிடி. மழை வந்ததும் பாப்பா அழுதாள். "பாப்பாவுக்குப் பிடிடா" என்றார் அப்பா. எனக்கு அதற்குப் பிறகு ஒரு வாரம் காய்ச்சல். எத்தனையோ பேர் நின்ற பாலத்தில் என்னைத் தேடிப் பிடித்துச் செதுக்கியிருக்கிறார், அதுவும் அவளுக்குக் குடை பிடிப்பதற்காகத்தான்.

என் தங்கை மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் இருப்பது தவறு. என் வாக்குமூலத்திலாவது அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குடையை நானாகப் பிடிக்கவில்லை. பிடிக்கச் சொன்னார்கள்.