முந்தானை வரும்வரை

“கம்ப்யூட்டர்ல முந்தானை வர்றதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிடறாங்கப்பா.”

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் இருந்த மற்ற ஏழு பேரும் திரும்பிப் பார்த்தோம். சொன்னவர் பட்டுக்கடைக்காரர். பக்கத்தில் இருந்தவர் அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவராம்.

“படம் பெருசுண்ணே. மேலேந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறங்கும். சின்னதாக்கிடட்டுமா?”

“சின்னதாக்கினா ஜரிகை தெரியாது.”

“அப்ப உடுங்க. ஒரு தபா முழுசா எறங்கிட்டா அவங்க கம்ப்யூட்டர்லயே தங்கிடும். அடுத்த தபா டக்குனு வந்துடும்.”

“மொத தபாவே உக்கார மாட்டேங்கறாங்க, அடுத்த தபா எங்க வருவாங்க? சாயங்காலம் சிங்கப்பூர்லேந்து ஒரு அம்மா நம்ம வெப்சைட்ல கல்யாணப் பொடவை பாக்கப்போறாங்க.”

கடைக்காரரே மறுபடி கேட்டார்.

“படத்துல முந்தானை எங்க இருக்குது?”

“கீழ.”

“கடையில பொடவைய எடுத்ததும் எதை விரிச்சுக் காட்டறோம்?”

“முந்தானைய.”

“அப்ப பொடவையத் தலைகீழா தொங்கவுட்டு வேற படம் புடி.”

“மீதிப் பொடவை வர நேரமாகுமேண்ணே.”

“ஆவட்டும். முந்தானையப் பாத்துட்டு எழுந்து போறவங்க இன்னும் பொறக்கலப்பா.”